நவம்பர்ல முடிவெடுக்காதீங்க

போன நவம்பர்ல மட்டும் நாலஞ்சு ஜூனியர்ஸ் எனக்கு மெசேஜ் போட்டாங்க. எல்லாருமே தமிழ்நாட்டுல இருந்து சியுஇடி நுழைவுத் தேர்வு எழுதி டெல்லி யுனிவர்சிட்டிக்கு வந்த பிள்ளைங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியக்கூட தெரியாது, ஆனா எழுதியிருந்தது கிட்டத்தட்ட ஒண்ணுதான். "அக்கா என்னால முடியல, டிசி வாங்கிட்டு ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன், வீட்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல." ஒவ்வொருத்தருக்கும் ராத்திரி உக்காந்து தனித்தனியா பதில் எழுதுனேன். இந்த வருஷமும் இந்த மெசேஜ் வரும்னு தெரியும், அதனால முன்னாடியே எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஊருக்குத் திரும்பிப் போறது தப்பே இல்ல, போகணும்னு தோணுனா போங்க, ஆனா அந்த முடிவை நவம்பர்ல மட்டும் எடுக்காதீங்க. மார்ச் வரைக்கும் தள்ளிப் போடுங்க. டெல்லியில நவம்பர் மாசம் ஒரு மனுஷன் மேல ஒரே நேரத்துல எத்தனை விஷயத்தைக் கொண்டு வந்து இறக்கும்னு அங்க முதல் வருஷம் இருந்தவங்களுக்குத்தான் தெரியும், அந்த நேரத்துல நமக்குத் தோணுறது எல்லாமே "எனக்குப் படிக்கத் தகுதி இல்ல"ன்னு தான் தோணும். பாதிக்கு மேல அது சீசன் பண்ற வேலை, உங்க தகுதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2024-ல நார்த் கேம்பஸ்ல ஒரு காலேஜ்ல ஹிஸ்டரி ஆனர்ஸ் சேர்ந்தேன். அந்த வருஷம் சியுஇடி ரிசல்ட்டே இழுத்து இழுத்து ஜூலை கடைசிலதான் வந்துச்சு, அப்புறம் யுனிவர்சிட்டியோட சீட் ஒதுக்குற சிஎஸ்ஏஎஸ் போர்ட்டல்ல காலேஜ் ப்ரிஃபரன்ஸ் குடுத்து, சீட் அலாட் ஆகி, ஆகஸ்ட் 29-ஆம் தேதிதான் முதல் வருஷத்துக்குக் கிளாஸ் தொடங்குச்சு. ஊர்ல என்கூடப் படிச்ச பிள்ளைங்க பாளையங்கோட்டையிலயும் தூத்துக்குடியிலயும் அதுக்குள்ள காலேஜுக்குப் பழகியே போயிருந்தாங்க. நானும் அப்பாவும் திருநெல்வேலில திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி ரெண்டு ராத்திரி பயணம் பண்ணி நிஜாமுதீன்ல இறங்குனோம். காலேஜ்ல ஹாஸ்டல் சீட் கம்மி, எனக்குக் கிடைக்கல, விஜய் நகர்ல ஒரு பிஜில, அதான் காசு குடுத்துத் தங்குற வீட்டுல, டபுள் ஷேரிங், அப்பா கட்டில் மெத்தை எல்லாம் தட்டிப் பாத்துட்டு, கீழ இருந்த கடைக்காரர்கிட்ட தெரிஞ்ச இங்கிலீஷ்ல "மை டாட்டர், ஃபர்ஸ்ட் டைம்"னு சொல்லிட்டுப் போனாங்க.

செப்டம்பரும் அக்டோபரும் எப்படிப் போச்சுன்னே தெரியாது. எல்லாமே புதுசு. மெட்ரோவுல முதல் பெட்டி பொண்ணுங்களுக்குன்னு இருக்கு, பஸ்ல நமக்கு இலவசமா பிங்க் டிக்கெட் குடுத்தாங்க, கமலா நகர் மார்க்கெட், ஹட்சன் லேன், காலேஜ் கிளப்புக்கு ஆள் எடுக்குற சொசைட்டி ஆடிஷன்னு தினம் ஒண்ணு. அந்த வருஷம் டூசு எலக்‌ஷன் வேற, ஸ்டூடன்ட் யூனியன் தேர்தல்ங்க, ரோடு முழுக்க நோட்டீஸ் காகிதம், நடந்தா கால்ல தரையே தட்டாது, செப்டம்பர் 27-ல ஓட்டுப் போட்டோம், ஆனா சுவரெல்லாம் போஸ்டரும் பெயின்ட்டுமா நாசம் பண்ணி வச்சிருக்கீங்க, அதைச் சுத்தம் பண்ணுற வரைக்கும் ஓட்டு எண்ணக்கூடாதுன்னு ஹைகோர்ட் நிறுத்தி வச்சுடுச்சு, ரிசல்ட் நவம்பர் 25-லதான் வந்துச்சு. இதெல்லாம் பாத்துக்கிட்டே இருந்ததுல ஊர் நெனப்பு வர்றதுக்கு நேரமே இல்ல. அதான் விஷயம். முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் இருக்கும். வீட்ல கேட்டா "சூப்பரா இருக்கும்மா"ன்னு தான் சொல்லுவோம், அது உண்மையும்தான்.

அப்புறம் தீபாவளி வரும். தீபாவளியை ஒட்டி ஒரு வாரம் லீவு விடுவாங்க, பிஜில இருக்குற மீரட், ரோத்தக், ஜெய்ப்பூர் பிள்ளைங்க எல்லாம் ஒரே நாள்ல காலி பண்ணிட்டுப் போயிருவாங்க. நமக்குப் போக ரெண்டு ராத்திரி, வர ரெண்டு ராத்திரி, டிக்கெட்டும் கிடைக்காது. ஃப்ளைட் டிக்கெட் அந்த நேரம் பாக்கவே வேண்டாம். நான் இருந்த மாடியில நானும் மணிப்பூர்ப் பொண்ணு ஒருத்தியும் மட்டும்தான் இருந்தோம், ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசுனது இல்ல, அந்த வாரம்தான் பழகுனோம், இன்னைக்கும் அவதான் எனக்கு டெல்லியில நெருக்கம். லீவு முடிஞ்சு எல்லாரும் வீட்டுப் பலகாரத்தோட திரும்பி வரும்போதுதான் நமக்கு முதல் தடவை நெஞ்சு கனக்கும்.

இதோட வெளிச்சமும் போயிரும். இதை யாரும் எனக்கு முன்னாடி சொல்லல, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நம்ம தெற்குப் பக்கம் வருஷம் முழுக்க பொழுது சாயுறது கிட்டத்தட்ட ஒரே நேரம், சாயங்காலம் ஆறுல இருந்து ஆறே முக்காலுக்குள்ள. டெல்லி பூமத்திய ரேகையில இருந்து தள்ளி வடக்க இருக்கு, அங்க ஜூன்ல ஏழு இருபதுக்கு மேலதான் சூரியன் மறையும், நவம்பர் கடைசில அஞ்சு இருபத்தஞ்சுக்கெல்லாம் மறைஞ்சிரும். மதியம் கிளாஸ் முடிச்சு லைப்ரரில ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வெளிய வந்தா இருட்டு. பதினெட்டு வருஷம் நம்ம உடம்பு பழகுன கணக்கு வேற. இருட்டிருச்சுன்னா வீடு, விளக்கு, அம்மா கையில காபின்னு பழகுன உடம்பு, அஞ்சரைக்கு இருட்டுல தனியா நடக்கும்போது காரணமே தெரியாம அழுகை வரும். எனக்கு வந்துச்சு. ஏதோ எனக்குத்தான் மனசு சரியில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்புறம் சூரிய உதயம் அஸ்தமனம் நேரத்தை எடுத்துப் பாத்தப்போதான் புரிஞ்சுது, ஆகஸ்ட் கடைசியில நான் வந்து இறங்குனப்போ இருந்த பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல காணாமப் போயிருக்கு.

காத்து பத்தி எல்லாரும் நியூஸ்ல பாத்திருப்பீங்க. பஞ்சாப், ஹரியானாவுல நெல்லு அறுத்ததும் தாளை எரிக்கிற புகை ஒரு பக்கம், வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசின்னு ஊர்ப் புகை ஒரு பக்கம், இது வருஷம் முழுக்க இருக்குறதுதான், ஆனா குளிர் வந்ததும் காத்து நின்னு போயிரும், தரைக்குப் பக்கத்துல இருக்குற குளிர்ந்த காத்து மேல எழும்பாது, புகை அதுக்குள்ளயே சிக்கிக்கிட்டு நம்ம மூக்குக்கு நேரா நிக்கும். காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ற ஏக்யூஐ அளவு 50 வரைக்கும் நல்ல காத்து, 400-ஐத் தாண்டுனா 'சிவியர்', ரொம்ப மோசம். 2024 நவம்பர் 18-ல அது 494. யுனிவர்சிட்டியே அந்த வாரம் 23-ஆம் தேதி வரைக்கும் கிளாஸை ஆன்லைனுக்கு மாத்திட்டாங்க. பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் மறுபடியும் வீட்டுக்கு. நான் ஜன்னலை மூடி, இடுக்குல ஈரத்துணி வச்சு, கட்டில்ல உக்காந்து போன்ல கிளாஸ் கேட்டேன். தொண்டை எரியும், கண்ணு எரியும், தலைவலி விடாது. அம்மா தினம் போன் பண்ணி "ஏட்டி, அங்கன மூச்சு விட முடியலன்னு டிவில சொல்லுதாவ, நீ கெளம்பி வந்துரு"ன்னு அழுவாங்க. நான் "ஒண்ணும் இல்லம்மா, மாஸ்க் போட்டுருக்கேன்"னு சொல்லிட்டு போனை வச்சதுக்கு அப்புறம் அழுவேன்.

இதே நேரத்துலதான் இன்டர்னல் எல்லாம் வரும். புதுசா வர்றவங்களுக்கு இந்த மார்க் கணக்கு புரியணும். டியூட்டோரியல், அதான் சின்னக் குழுவா உக்காந்து பேசுற கிளாஸ், இருக்குற நாலு கிரெடிட் பேப்பர்னா மொத்தம் 160 மார்க், அதுல கடைசிப் பரீட்சை 90 தான், மிச்சத்துல 30 இன்டர்னல், 40 டியூட்டோரியலுக்கு. அதாவது நூத்துக்கு நாப்பது மார்க்குக்கு மேல பரீட்சைக்கு முன்னாடியே முடிவாயிரும். முதல் செமஸ்டர்ல மூணு மெயின் பேப்பர், வேற டிபார்ட்மென்ட்ல எடுக்குற ஜிஇ ஒண்ணு, அப்புறம் ஏஇசி, எஸ்இசி, விஏசின்னு ரெண்டு ரெண்டு கிரெடிட்ல மூணு பொதுப் பேப்பர், எல்லாம் சேத்து 22 கிரெடிட். ஏழு பேப்பரோட டெஸ்ட்டும் அசைன்மென்ட்டும் பிரசன்டேஷனும் நவம்பர்ல வந்து ஒண்ணு மேல ஒண்ணு விழும். புகை, இருட்டு, தனிமை, அசைன்மென்ட் நாலும் ஒரே மாசத்துல.

எனக்கு அந்த மாசம் ரொம்ப வலிச்சது ஒரு அசைன்மென்ட்தான். நம்ம ஸ்டேட் போர்டுல எப்படி எழுதப் பழக்குனாங்கன்னு உங்களுக்குத் தெரியும், முன்னுரை, துணைத்தலைப்பு, ஸ்கேல் வச்சு அடிக்கோடு, நம்பர் போட்டு பாயின்ட் பாயின்டா, கடைசில முடிவுரை. அதுல நான் நல்லா மார்க் வாங்குனவ. ஹரப்பா நாகரிகம் ஏன் அழிஞ்சுதுன்னு கேட்டிருந்தாங்க, வெள்ளம், வறட்சி, ஆறு தடம் மாறுனது, வியாபாரம் குறைஞ்சதுன்னு எல்லாக் காரணத்தையும் வரிசையா ரெண்டு கலர் பேனாவுல எழுதிக் குடுத்திருந்தேன். டியூட்டோரியல்ல நாங்க பத்துப் பன்னெண்டு பேர் ஒரு சின்ன ரூம்ல மேஜையைச் சுத்தி உக்காந்திருப்போம், மேடம் என் பேப்பரை எடுத்து நிதானமா ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்தாங்க, கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு பேட்டா, ஆனா இதுல நீ என்ன நெனைக்கிறன்னு எங்கயுமே இல்லையே, இந்தக் காரணத்துல எதை நீ ஒத்துக்கிற, எதை ஒத்துக்கல?"ன்னு கேட்டாங்க. திட்டல, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. எனக்கு வாயே வரல. பக்கத்துல இருந்தவ பேப்பர்ல ஒரு அடிக்கோடு கூட இல்ல, முதல் பாராவுலயே தான் என்ன வாதம் பண்ணப் போறேன்னு எழுதியிருந்தா.

அன்னைக்கு ராத்திரிதான் நானும் டிசி வாங்குறது எப்படின்னு போன்ல தேடுனது.

இப்ப யோசிச்சுப் பாத்தா, அந்தக் கேள்விதான் இந்தப் படிப்பு முழுக்க. அந்த எழுத்து முறையை நமக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, பக்கத்துல இருந்தவ மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க, வித்தியாசம் அவ்வளவுதான், அது ரெண்டு மூணு மாசத்துல வந்துரும். நான் பண்ணுனதைச் சொல்றேன். ஒவ்வொரு ரீடிங் முடிச்சதும் மேல ஓரத்துல தமிழ்ல ரெண்டு வரி எழுதுவேன்: இவங்க என்ன சொல்றாங்க, யாரை மறுத்துச் சொல்றாங்க. தமிழ்ல எழுதுங்க, வெக்கப்படாதீங்க, யோசிக்கிறது நம்ம மொழியில ஓடுனா இங்கிலீஷ் பின்னாடியே வரும். அதோட நம்மகிட்ட ஞாபக சக்தி இருக்கு, பன்னெண்டு வருஷம் மனப்பாடம் பண்ணுன பலம் சும்மா போகாது, வாதம் பிடிபட்டதுக்கு அப்புறம் பேரு, வருஷம், இடம் எல்லாம் நமக்கு மத்தவங்களை விட வேகமா வந்து நிக்கும்.

ரீடிங்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, ஒரே ஒரு டெக்ஸ்ட்புக் கிடையாது, பத்து புத்தகத்துல இருந்து பத்து அத்தியாயம் வரும், அதை ஜெராக்ஸ் கடையில தொகுத்து வச்சிருப்பாங்க. இந்த ஜெராக்ஸ் பாக்கெட் நமக்குச் சும்மா கிடைச்சது இல்ல. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் உள்ள இருக்குற ராமேஷ்வரி ஃபோட்டோகாப்பி கடை மேலயும் யுனிவர்சிட்டி மேலயும் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாதிரி பெரிய பதிப்பகங்க 2012-ல காப்பிரைட் கேஸ் போட்டாங்க, படிப்புக்காக இப்படிப் பிரதி எடுக்கறது சட்டத்துக்கு உட்பட்டதுதான்னு 2016 செப்டம்பர்ல டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. என் வீட்டுல இருந்து மாசாமாசம் வர்ற காசுல அந்தப் புத்தகம் ஒண்ணு கூட வாங்கியிருக்க முடியாது, அதனால இந்தத் தீர்ப்பு மேல எனக்குத் தனி மரியாதை. ஞாயித்துக்கிழமை புத்தகச் சந்தைக்கும் போங்க, முன்னாடி தரியாகஞ்ச் நடைபாதையில இருந்தது 2019-ல ஆசப் அலி ரோடு மஹிளா ஹாட்டுக்கு மாறிருச்சு, டெல்லி கேட் மெட்ரோவுல இறங்கி நடந்துரலாம்.

மொழி பத்திச் சொல்லணும். கிளாஸ்ல சில பேர் பாடம் நடத்துறப்போ பாதியில ஹிந்திக்குப் போயிருவாங்க, ஜோக் ஹிந்தியில வரும், எல்லாரும் சிரிப்பாங்க, நமக்கு மட்டும் புரியாது. கை தூக்கி "இங்கிலீஷ்ல சொல்லுங்க மேம்"னு கேளுங்க, தாராளமா கேளுங்க. நான் கேட்டதுக்கு அப்புறம் கேரளா, நாகாலாந்துப் பிள்ளைங்க வந்து தேங்க்ஸ் சொன்னாங்க, அவங்களுக்கும் அதே கஷ்டம்தான், யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்திருக்காங்க. கடையில, ஆட்டோவுல பேசுற அளவு ஹிந்தி தானா வந்துரும், அதுக்குன்னு தனியா உக்காந்து கவலைப்பட வேண்டாம்.

சாப்பாடு உண்மையிலேயே கஷ்டம்தான், பழகிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். எங்க பிஜில சோறு மதியம் மட்டும், ராத்திரி ரொட்டிதான், ராஜ்மாவும், மோர்க்குழம்பு மாதிரி இருக்குற கடியும் மாறி மாறி. ரசம் சாதம் இல்லாம எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரியே இருக்காது. ரூம்ல எலக்ட்ரிக் கெட்டில் அனுமதிப்பாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, ஊர்ல இருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துட்டு வாங்க. கறிவேப்பிலை, தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் ஐஎன்ஏ மார்க்கெட்ல கிடைக்கும், யெல்லோ லைன்ல நேரா போயிரலாம், அங்க தமிழ்லயே பேரம் பேசலாம். மாசம் ஒரு தடவையாவது மலை மந்திர் போங்க. ஹௌஸ் காஸ்ல மெஜந்தா லைன் மாறி முனிர்காவுல இறங்கி ஆட்டோ. ஆர்.கே.புரம் செக்டர் 7-ல ஒரு குன்று மேல சுவாமிநாத சுவாமி, 1973-ல கும்பாபிஷேகம் ஆன கோயில், கருங்கல் கட்டடம், படி ஏறும்போதே பக்கத்துல யாரோ "மெதுவா போடா, விழுந்துருவ"ன்னு பிள்ளையை அதட்டுற சத்தம் கேக்கும். சாமி கும்பிடாதவங்க கூட அந்தச் சத்தத்துக்காகப் போகலாம். பக்கத்துலயே 1946-ல ஆரம்பிச்ச டெல்லித் தமிழ்ச் சங்கம், அங்க லைப்ரரி இருக்கு. என் மணிப்பூர்த் தோழியைக் கூட்டிட்டுப் போனேன், அவளுக்குப் பொங்கல் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இப்ப ஏன் நவம்பர்ல போகக் கூடாதுன்னு நடைமுறைக் காரணம் சொல்றேன், இது உணர்ச்சி சம்பந்தப்பட்டது இல்ல. தமிழ்நாட்டுல காலேஜ் அட்மிஷன் மே, ஜூன்ல நடக்கும். நவம்பர்ல டிசி வாங்கிட்டுப் போனா உங்களுக்கு உடனே எந்தக் காலேஜ்லயும் முதல் வருஷ சீட் கிடைக்காது, ஜூன் வரைக்கும் வீட்டுலதான் இருக்கணும், சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரும் வந்து கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்லியே மனசு ஒடஞ்சு போயிரும். அதே ரெண்டு செமஸ்டர் முடிச்சு 44 கிரெடிட் வாங்கிட்டீங்கன்னா, இந்த நாலு வருஷ சிஸ்டத்துல ஒரு வருஷத்துல வெளிய போறவங்களுக்கு சர்ட்டிஃபிகேட் உண்டு, கிரெடிட் எல்லாம் ஏபிசிங்குற ஆன்லைன் கிரெடிட் பேங்க் கணக்குல இருக்கும், நீங்க போற காலேஜ் அதை எடுத்துக்குமான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கணும். எடுத்துக்கலைன்னாலும் ஜூன்ல புதுசா சேர்றதுக்கு உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல. அதுக்குள்ள முதல் செமஸ்டர் ரிசல்ட்டும் கையில இருக்கும். என்னால முடியுமா முடியாதாங்குறதுக்கு அந்த மார்க்ஷீட்தான் சாட்சி, நவம்பர் ராத்திரி வர்ற பயம் சாட்சி இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்கவே வேண்டாம். மூச்சுத்திணறல், வீசிங் இருக்கவங்க அந்த மாசம் டாக்டரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருங்க, அட்டெண்டன்ஸ் பத்தி மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் வச்சு அப்புறம் பேசிக்கலாம். தூக்கமே வராம, சாப்பிடவே முடியாம, வாழவே பிடிக்கலன்னு தோணுனா அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். யாராவது உங்களைத் தொந்தரவு பண்ணுறாங்கன்னாலும் அப்படித்தான். மார்ச் வரைக்கும் பொறுங்கன்னு நான் சொல்றது இவங்களுக்கு இல்ல.

டிசம்பர் கடைசி, ஜனவரி குளிர் கொடுமைதான், ராத்திரி அஞ்சு டிகிரிக்குப் போகும், காலைல ஏழே கால் வரைக்கும் சூரியனே வராது, எங்க வருஷம் ஜனவரியில பரீட்சை வேற, பொங்கல் அன்னைக்கு நான் சீனா பேப்பருக்குப் படிச்சுட்டு இருந்தேன், ஓப்பியம் போரும் தைப்பிங் கிளர்ச்சியும். ஆனா நவம்பர் அளவுக்கு மனசு விழாது. ஏன்னா அப்போ எல்லாருக்கும் ஒரே கஷ்டம், டெல்லிக்காரப் பிள்ளைங்களும் ரஜாய்க்குள்ளதான், அந்தப் பஞ்சுப் போர்வைக்குள்ளதான் கெடப்பாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ரூம்ல நாலு பேர் ஒரே ஹீட்டரைச் சுத்தி உக்காந்து நோட்ஸ் மாத்திக்கிட்டோம், அதுக்கு அப்புறம் நான் அந்த பிஜில விருந்தாளி இல்ல.

டியூட்டோரியல் பிரசன்டேஷனுக்கு நான் தெற்கத்தி இரும்புக் காலம் எடுத்துக்கிட்டேன், மெகாலித், அதான் பெருங்கற்காலப் புதைகுழிங்க. சின்ன வயசுல இருந்து திருச்செந்தூர் பஸ்ல போகும்போது ஆதிச்சநல்லூர்ப் பறம்பைப் பாத்துட்டே போவோம், ஆச்சி "அந்தா பாரு, பழைய ஆளுகளைத் தாழியில வச்சுப் பொதைச்ச எடம்"னு சொல்லுவா. அங்க 1899-ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரியா தோண்டுனதும், அவர் எடுத்த தங்க நெற்றிப்பட்டமும் வெண்கலச் சாமானும் எழும்பூர் மியூசியத்துல இருக்குறதும், அந்தத் தாழிகளோட காலத்தைப் பத்தி ஆராய்ச்சியாளருங்க ஒத்துப் போகாம இருக்குறதும் எல்லாம் லைப்ரரில உக்காந்து படிச்சேன். மேடம் கேட்ட கேள்வி ஞாபகம் இருந்துச்சு, அதனால யார் சொல்ற காலத்தை நான் ஏத்துக்குறேன், ஏன்னு முதல் ஸ்லைட்லயே போட்டேன். முடிச்சதும் மேடம் ரெண்டு கேள்வி கேட்டாங்க, ஒண்ணுக்குத்தான் என்கிட்ட பதில் இருந்துச்சு, இன்னொண்ணுக்கு "தேடிப் பாத்துட்டு வர்றேன் மேம்"னு சொன்னேன். அது போதும்னு அவங்க முகத்துல தெரிஞ்சுது.

பிப்ரவரி பாதியில ஊரே மாறிரும். காத்து தெளிஞ்சு வெயில் இதமா வரும், புல்தரையில உக்காந்து கிளாஸ் நடத்துவாங்க, ஒவ்வொரு காலேஜ்லயும் ஃபெஸ்ட், பிப்ரவரி கடைசி மார்ச்ல இலவ மரம் இலையே இல்லாம செவப்பா பூத்து நிக்கும். கேம்பஸுக்குப் பின்னாடி ரிட்ஜ் காடு இருக்கு, அதுக்குள்ள ஃப்ளாக்ஸ்டாஃப் டவர், 1857 மே 11-ல கலகம் வெடிச்சப்போ டெல்லியில இருந்த இங்கிலீஷ்க்காரக் குடும்பங்க ஓடி வந்து கூடுன இடம், பகல்ல கூட்டமா போங்க, கொரங்கு ஜாஸ்தி, கையில சாப்பாடு வேண்டாம். ஹோலிக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்தே ரோட்ல பொண்ணுங்க மேல தண்ணி பலூன் எறியறவங்க இருப்பாங்க, அந்த வாரம் தனியா நடக்காதீங்க, யாராவது எறிஞ்சா சும்மா போகாம காலேஜ்ல எழுதிக் குடுங்க. மத்தபடி அந்த ரெண்டு மாசம்தான் டெல்லி என்னன்னு உங்களுக்குக் காட்டும். இருக்கலாமா வேண்டாமான்னு அப்போ உக்காந்து யோசிங்க.

யோசிச்சுட்டுப் போனவங்களும் இருக்காங்க. என் பேட்ச்ல நாகர்கோவில் பையன் ஒருத்தன், பிசிக்ஸ், ரெண்டு செமஸ்டரும் நல்ல மார்க்ல முடிச்சுட்டு, எனக்கு இந்த ஊர் வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டு திருச்சியில போய்ச் சேர்ந்தான். அவங்க அப்பாகிட்ட மார்க்ஷீட்டைக் காட்டிப் பேசுனதால வீட்ல ஒரு வார்த்தை சொல்லல. அதே நவம்பர்ல அழுதுட்டுப் போயிருந்தா அந்தப் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்னு அவனே சொன்னான்.

இந்த வருஷம் வந்திருக்கவங்களுக்கு ஒரு தகவல். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை நாங்க சீனியர்ஸ் கொஞ்ச பேர் மொனாஸ்ட்ரி மார்க்கெட் போறோம், ஜாக்கெட், தெர்மல், ரஜாய் எல்லாம் குளிர் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிரணும், நவம்பர்ல போனா வெலை ஏத்திருவாங்க. விஸ்வவித்யாலயால ஏறுனா மூணாவது ஸ்டேஷன் காஷ்மீரி கேட், காலைல பதினோரு மணிக்கு ஐஎஸ்பிடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்குற கேட்ல நிப்போம். செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போறவங்க ட்ரெயின் டிக்கெட்டை 60 நாள் முன்னாடி கரெக்டா திறக்குற அன்னைக்கே போட்டுருங்க, முன்னாடி இருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பர்ல இருந்து இல்ல. கூட வர்றவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, பசங்களும் வரலாம்.